சுவீடன்காரர் சொல்லிவிட்டுப் போன நாடு

1

இந்த நாட்டில் தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கிடையாது. கொடி கட்டிய ஜீப் கிடையாது. ஊர் நடுவே உள்ள சதுக்கத்தில் ஒவ்வொரு கட்சியும் ஒரு சின்ன மரக்குடில் போட்டுக்கொள்ளும். நம்மூர்ப் பெட்டிக்கடை அளவுதான் இருக்கும். உள்ளே ஃபிளாஸ்க்கில் காபி, கொஞ்சம் துண்டறிக்கைகள், இரண்டு தொண்டர்கள். போகிறவர் வருகிறவர் நின்று கேள்வி கேட்கலாம், சண்டை போடலாம், நம் காபியைக் குடித்துவிட்டு எதிர்க்கட்சிக் குடிலுக்குப் போய் அவர்கள் பிஸ்கட்டையும் தின்னலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சுவீடனுக்கு வந்த பிறகு பார்த்த முதல் தேர்தலின்போது ஓசூரில் இருந்த அப்பாவுக்கு போன் போட்டு, "இங்க எலெக்ஷன் பொருட்காட்சி மாதிரி இருக்குதுப்பா" என்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

இந்த முறை அந்தக் குடிலுக்குள் நானே நின்றேன். சமூக ஜனநாயகம் பேசுகிற பழைய கட்சி எங்களுடையது. நகரசபைத் தேர்தலுக்கான அதன் பட்டியலில் என் பெயரும் இருந்தது, மிகக் கீழே, ஜெயிக்க வாய்ப்பில்லாத இடத்தில். ஜெயசீலி என்ற பெயர் இவர்கள் வாயில் யெயசீலி ஆகிவிடும். ஜகரத்தை எல்லாம் யகரமாக்கிவிடுகிற மொழி இது. திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒருவர் குடிலுக்கு எதிரே வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். காபி வேண்டுமா என்று கேட்டேன். கைப்பேசியை உயர்த்தி என்னைப் படமெடுத்தார். அவசரமில்லாமல், ஒரு கட்டடத்தைப் படமெடுப்பது போல. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் மழை. என் மகள் நிலா எனக்குக் குடை கொண்டுவந்து கொடுத்தாள். அவளையும் எடுத்தார். நான் வெளியே வந்து, "எதற்கு எடுக்கிறீர்கள்?" என்றேன். சிரித்தார். அவ்வளவுதான், போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நிலா என் முன்னால் கைப்பேசியை நீட்டினாள். ஏதோ ஓர் இணையப் பக்கம். எங்கள் இருவர் படமும் அதில் இருந்தது. என் பெயர், நாங்கள் குடியிருக்கும் தெருவின் பெயர். கீழே கருத்துகள். பெரும்பாலும் வழக்கமான வசவுதான், அது பழகிவிட்டது. ஆனால் ஒருவர் வசவே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்தப் பெண் எந்தப் பள்ளிக்கூடம்?

போலீசுக்கு போன் செய்தேன். சுவீடிஷ் மொழியில் 'ரெட்' என்றால் பயந்திருப்பவர், 'ரெட்டா' என்றால் காப்பாற்று. சாதாரண நாளில் எனக்கு இது குழம்பாது. அன்று, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல வாயெடுத்து, "நான் காப்பாற்று, நான் காப்பாற்று" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாக, "யாரை?" என்று கேட்டார். புகார் பதிவானது, ஓர் எண் வந்தது, காத்திருக்கச் சொன்னார்கள்.

போனை வைத்ததும் நிலா சுவீடிஷில் சொன்னாள்: "பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு." சாப்பாட்டுக்கும் கொஞ்சலுக்கும்தான் அவள் தமிழ் பேசுவாள். பெரிய விஷயம் எல்லாம் அவளுக்கு சுவீடிஷில்தான் வரும். பதினெட்டு வயது. இந்தத் தேர்தலில்தான் முதல் ஓட்டு.

என் கணவர் வடக்கே ஒரு சுரங்க நகரத்தில் வேலை பார்க்கிறார். மாதம் இரண்டு முறை வருவார். வீட்டில் நாங்கள் இருவர்தான். அன்றிலிருந்து மாடிப்படியில் காலடி கேட்டால் பேச்சை நிறுத்திக் கேட்கப் பழகினோம்.

2

நான் இந்த நாட்டுக்கு வரும் முன்பே இந்த நாடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா சின்னப்பன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மத்திகிரிப் பக்கம் வீடு. ஆலையில் ஒரு சின்னச் சங்கத்துக்குச் செயலாளர். ஆளுங்கட்சிச் சங்கமும் இல்லை, செங்கொடிச் சங்கமும் இல்லை. சோஷலிசம் வேண்டும், ஆனால் ஓட்டுப் போட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்கிற ஒரு கூட்டம். கேட் மீட்டிங்கில் அப்பா தமிழில் தொடங்கி, நடுவில் தெலுங்குக்குப் போய், முடிக்கும்போது கன்னடத்தில் முடிப்பார். கேட்கிறவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

ஒருநாள் ஐரோப்பியத் தொழிற்சங்கம் ஒன்றிலிருந்து ஒருவர் ஓசூரைப் பார்க்க வந்தார். அப்பா அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தெருவே அவரைச் சுவீடன்காரர் என்றது. கோயில் ஃபாதர் மொழிபெயர்த்தார். சுவீடன்காரர் தரையில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து களியையும் கீரைக் கடைசலையும் விரலெல்லாம் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டார்.

தன் தாத்தா காலத்தில் பசி தாங்காமல் ஊர் ஊராக ஜனங்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள் என்றார். மிச்சமிருந்தவர்கள் சங்கம் வைத்தார்கள். சங்கம் கட்சி வைத்தது. கட்சி ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்து, பல பத்து ஆண்டுகள் இறங்கவே இல்லை. நாடு என்றால் எல்லோருக்குமான வீடு, அதில் செல்லப்பிள்ளையும் இல்லை, ஒதுக்கி வைத்த பிள்ளையும் இல்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் வரிப்பணத்தில்.

அப்பா கேட்டார்: "அப்ப அங்க முதலாளியே இல்லீங்களா?"

ஃபாதர் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்துவிட்டார். "இருக்கிறார்கள். நல்ல பணக்காரர்கள். ஆனால் எங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்."

அந்த ஒரு வாக்கியம் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த வருடமே அவருடைய ஆலையில் தகராறு வந்து கதவடைப்பு செய்தார்கள். மாதக்கணக்கில் நீண்டது. வீட்டைச் சுற்றி ஒரு புல்லட் வண்டி மெதுவாகப் போகும், திரும்பி வரும். ஓட்டுகிறவன் எங்கள் பக்கம் பார்க்கக்கூட மாட்டான். அம்மா வாசல் கதவுக்குப் பின்னால் மிளகாய்த்தூள் கிண்ணம் வைத்திருந்தாள். சங்கப் பொருளாளரைக் கையை உடைத்து ரோட்டில் போட்டுவிட்டுப் போன அன்று அப்பா காணாமல் போனார். வேப்பனப்பள்ளிக்கு அந்தப்புறம், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதருடைய மாந்தோப்பு. அங்கே ஒளிந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். யார் கேட்டாலும், "அப்பா மாங்கா வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்ல வேண்டும் என்றாள் அம்மா. கேட்கிறவர் எந்த பாஷையில் கேட்கிறாரோ அந்த பாஷையில். மூன்று மொழியிலும் ஒரு பொய்யைத் தடுமாறாமல் சொல்ல எட்டு வயதில் நான் கற்றுக்கொண்டேன்.

கடைசியில் பேச்சுவார்த்தை நடந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் நிர்வாகம், இந்தப்பக்கம் அப்பாவும் ஆட்களும். கேண்டீன் வந்தது. தற்காலிகம் என்றிருந்தவர்கள் நிரந்தரமானார்கள். எங்கள் தெருவில் பலருடைய பிள்ளைகள் காலேஜ் படித்தது அந்த மேசையால்தான். ஆனால் அப்பாவின் கட்சி அவ்வளவு நாள் தாங்கவில்லை. உடைந்தது, சேர்ந்தது, வேறு பெயரில் வந்தது, மறுபடி உடைந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு சின்னம். "எந்தச் சின்னம்னு நானே விசாரிச்சுட்டுத்தான் ஓட்டுப் போடணும் போல" என்பார். ஒரு கட்டத்தில் விசாரிப்பதற்கும் ஆளில்லை. ஆலையும் விருப்ப ஓய்வு என்று சொல்லி ஆட்களைக் குறைத்தது. காலியான இடத்துக்கு ஒப்பந்தக்காரர் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்.

3

கணவருக்கு இங்கே வேலை கிடைத்தபோது என்னைவிட அப்பாதான் குதித்தார். வந்து பார்த்தால் அவர் கேட்டதெல்லாம் உண்மைதான். நிலா பிறந்தபோது அரசு கொடுத்த உதவித்தொகையோடு வீட்டிலிருந்தேன், பிறகு கணவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடு. நான் நகரசபை நடத்தும் முதியோர் இல்லத்தில் உதவிச் செவிலியாகச் சேர்ந்தேன். முதல் வாரமே மேலதிகாரி என்னிடம் வந்து, "சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா?" என்று கேட்டார். அதை போனில் அப்பாவிடம் சொன்னேன். "அதிகாரியே கேட்டாங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

என்னைக் கட்சிக்குள் இழுத்தவர் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் குடியிருக்கும் லென்னார்ட். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா, தாத்தா எல்லோரும் அதே கட்சி. மே தின ஊர்வலத்தில் பேனரின் ஒரு கழியை அவர் பிடிப்பார், மறு கழியை நான்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. ஆட்சி வந்தது, போனது. கப்பல் தளம் மூடியது. பள்ளிக்கூடங்களைக் கம்பெனிகள் நடத்தலாம் என்றார்கள். முதியோர் இல்லங்களில் சில கைமாறின. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பேட்டையிலும் பழைய குடிகள் வேறு பேட்டையிலும் ஒதுங்கினார்கள். வந்தவர்களால்தான் எல்லாம் கெட்டது என்று ஒரு புதிய கட்சி சொன்னது. முதலில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். பிறகு சுளிப்பதை நிறுத்தினார்கள். பிறகு எல்லாக் கட்சிகளும் அதே வார்த்தைகளைக் கொஞ்சம் நாகரிகமாகப் பேசத் தொடங்கின.

போன வசந்தத்தில் லென்னார்ட் என் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரியக்கூடாது. நான் கட்சியை விட்டுவிட்டேன். இந்த முறை அவர்களுக்குத்தான் போடப்போகிறேன்" என்றார்.

"ஏன் லென்னார்ட்?"

"இது நான் கட்டிய வீடு மாதிரி இல்லை இப்போது." பிறகு அவசரமாக, "உன்னைச் சொல்லவில்லை. உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நீ வேலை செய்கிறாய்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. உண்மையான அக்கறையோடு சொன்னார்.

தேர்தலுக்கு எங்கள் கிளை அச்சடித்த துண்டறிக்கை வந்தது. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு என்று இரண்டு பக்கம். மூன்றாவது பக்கத்தில் தடித்த எழுத்தில், குடிவருவோர் மீது இன்னும் கடுமை என்று வாக்குறுதி. குடிலில் நான் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சோமாலியப் பெண் ஹோடான் வாங்கிப் படித்தார். அவருடைய குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பதற்காகப் போயிருந்த நேரம் அது.

"இதில் நானும் வருகிறேனா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நான் கட்சிக்காரி, எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் அறிக்கையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த வாரம்தான் சாம்பல் ஜாக்கெட்காரர் வரத் தொடங்கினார். எதிரே நிற்கிறவருக்கு எவ்வளவு பயந்தேனோ, கையில் வைத்திருந்த அந்தக் காகிதத்துக்கும் அவ்வளவு பயந்தேன்.

4

அம்மா இறந்து வருடம் திரும்பியது. அந்த வருடப் பூசைக்காக ஆகஸ்டில் நிலாவோடு ஓசூர் போனேன். இங்கே எங்கள் தெருவை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளியிருக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

வீட்டு மாடியை அப்பா வாடகைக்கு விட்டிருந்தார். மத்தூரிலிருந்து வந்த சரசு என்ற பெண்ணும் அவளுடைய தோழிகளும் இருந்தார்கள். எல்லோரும் கைப்பேசி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்த வேலை. சரசுவின் வீட்டில் கரும்பும் நெல்லும். தம்பி படிக்கிறான், இவள் இங்கே. நிலாவைவிட நான்கைந்து வயது மூத்தவள். நிலாவின் தமிழைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிலா "நான் பசி" என்று சொல்வாள். "நீ பசி இல்ல, உனக்குப் பசி" என்று சரசு திருத்துவாள். இரண்டே நாளில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் சரசு கீழே வந்தாள். அப்பா நாற்காலியில், பக்கத்தில் நிலா, நான் அரிசி புடைத்துக்கொண்டு.

"தாத்தா, ஒரு மனு எழுதணும். ஷிஃப்ட் முடிஞ்சாலும் டார்கெட் முடியலன்னா பஸ்ஸ எடுக்க மாட்டேங்கறாங்க. உள்ளயே உக்கார வெக்கறாங்க. போன வாரம் எங்க லைன்ல ஒரு புள்ள மயங்கி விழுந்துடுச்சு. தண்ணி தெளிச்சு ஆட்டோவுல தனியா அனுப்பிட்டாங்க. லேபர் ஆபீசரப் பாத்துக் குடுக்கலாம்னு பேசிக்கறோம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"நீ கையெழுத்து போடாத சரசு."

"ஏன் தாத்தா?"

"போடாதம்மா. ஊருக்குப் பணம் அனுப்பற பொண்ணு நீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, நீங்களா இதச் சொல்றீங்க?"

"நாந்தான் சொல்றேன்" என்றார் கோபமாக. "எங்கள வெளிய அனுப்பணும்னா நோட்டீசு குடுக்கணும், விசாரணை வெக்கணும், கேட்ட இழுத்து மூடணும். அவங்களுக்கும் அதுல கஷ்டம் இருந்துச்சு. இந்தப் புள்ளைங்கள அனுப்பறதுக்கு ஒண்ணும் வேணாம். காலைல பஸ்ஸு நிக்காது. அவ்ளோதான்."

சரசு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க ஊர்ல சங்கத்துல சேந்தா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்களாமே. தாத்தா எப்பவும் சொல்வாரு. அங்கெல்லாம் பயமே இல்லாம இருக்கலாமாமே. நெசமா அக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். நிலாவும் பார்த்தாள். படமெடுத்தவரைப் பற்றி அப்பாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

"வேலையை விட்டுத் தூக்க முடியாது, அது நெசம்" என்றேன். "பயமில்லாம இருக்கலாமான்னு கேட்டா..."

"இருக்க முடியாது" என்றாள் நிலா, தமிழில். கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் தாத்தாவிடமே காட்டிவிட்டாள். அவருக்கு எழுத்து புரியவில்லை. ஆனால் படத்தில் இருப்பது யார் என்று புரிந்தது.

அந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்களைப் பற்றியும் அந்தப் புதிய கட்சியைப் பற்றியும் நான் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இவங்க அங்க ஆட்சிக்கு வருவாங்களா?"

"வரலாம்ப்பா."

"அந்த ஊர்லயா?" என்றார். "அந்த ஊர்லயேவா?"

5

சரசு முதல் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய லைனில் இருந்த பெண்கள் பலரும் போட்டார்கள். மனு போன மறுநாள் விடியற்காலை, பால் வாங்கப் போகும் சாக்கில் நானும் நிலாவும் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். குளிர் இருந்தது. அவளுடைய தோழிகளுக்கு அந்த வாரம் வேறு ஷிஃப்ட். டிபன் பாக்ஸைச் சேலைத் தலைப்பில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள்.

கம்பெனி பஸ் வளைவில் திரும்பியது. சரசு கையைக் காட்டினாள். டிரைவர் அவளைப் பார்த்தார், நானே பார்த்தேன். பஸ் வேகம் குறையாமல் எங்களைக் கடந்துபோனது. ஜன்னலோரத்தில் முகங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போயின.

"டிரைவர் அண்ணன் கவனிக்கல போல" என்றாள் சரசு. கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. பிறகு ரோட்டோரத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச தூரம் போய் பஸ் நின்றது. உள்ளே சத்தம். கதவு திறந்தது. ஒரு பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, பிறகு மூன்று நான்கு பேர். எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். எல்லோரும் இறங்கவில்லை. பாதிக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். பஸ் அவர்களோடு போய்விட்டது. இறங்கி வந்தவர்கள் வீராப்பாக வரவில்லை. அழுதுகொண்டு வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம எறங்கிட்டேன் அக்கா. காலு தானா எறங்கிடுச்சு. இப்ப என்ன பண்றது?" என்றாள்.

விஷயத்தை அப்பாவிடம் சொன்னோம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்களோடு தொழிலாளர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். நாங்களும் போனோம். அதிகாரி நல்ல மாதிரி. ஒப்பந்தக்காரருடைய ஆளை வரச் சொன்னார். மதியத்துக்கு மேல் ஒரு இளைஞன் வந்தான், நல்ல ஷூ, கையில் இரண்டு போன். அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். "பெருசு, உங்க காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றான்.

"முடிஞ்சுபோச்சுப்பா" என்றார் அப்பா. "இல்லன்னு யார் சொன்னா? உக்காரு. உக்காந்து பேசு."

அவன் நின்றான். அதிகாரி நாற்காலியைக் காட்டிய பிறகு உட்கார்ந்தான். அப்பா மனுவை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

நாங்கள் சுவீடனுக்குக் கிளம்புவதற்குள் ஒரு முடிவு வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். இறங்கி வந்த பெண்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சரசுவை மட்டும் சேர்க்கவில்லை. வேறு ஏதோ காரணம் சொன்னார்கள். இப்போது ரோஜாப் பண்ணை ஒன்றில் பூ வெட்டப் போகிறாள். "அங்க பஸ்ஸே இல்ல அக்கா, நிக்குமா நிக்காதான்னு கவலை இல்ல" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கிளம்பும் நாள் அப்பா சொன்னார்: "ஜெயா, பேர எடுத்துடு. நீ அங்க தனியா இருக்கற."

"நீங்க எடுத்தீங்களாப்பா?"

"மாந்தோப்புல ஒரு நாளு நான் தூங்கினதில்ல. நாய் கொலச்சா எந்திரிச்சு மரத்துமேல ஏறிக்குவேன். உங்கம்மாளுக்கும் சொல்லல, உனக்கும் சொல்லல. தைரியமா இருந்தேன்னு நீங்க நெனச்சுட்டீங்க. அத நம்பி நீ போய் நிக்கற. அதான் பயமா இருக்குது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

6

பெயரை எடுக்கவில்லை. துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எடுத்தால் மட்டும் தெருவின் பெயர் அந்தப் பக்கத்திலிருந்து போய்விடப் போகிறதா?

திரும்பி வந்ததும் கிளைக் கூட்டத்தில் எழுந்து, மூன்றாவது பக்கம் இருக்கும்வரை அந்தத் துண்டறிக்கையை நான் கொடுக்கமாட்டேன் என்றேன். என் சுவீடிஷ் வழக்கம்போல நடுவில் இடறியது. தலைவர் கருணையோடு கேட்டுவிட்டு, "அதில்லாமல் ஜெயிக்க முடியாது, யெயசீலி" என்றார். வாக்கெடுப்பு வைத்தார்கள். எனக்கு ஆதரவாகச் சில கைகள். தோற்றேன். குடிலில் வெறும் காபி ஊற்றிக்கொடுத்து, கேட்டவர்களுக்கு முதியோர் பராமரிப்பைப் பற்றி மட்டும் வாயால் சொன்னேன். படமெடுத்தவர் மறுபடி வரவில்லை. வராமலிருந்ததும் பயமாகத்தான் இருந்தது.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த நிலா என் கையைக் கோத்துக்கொண்டாள். இங்கே நாடாளுமன்றத்துக்கு மஞ்சள் சீட்டு, நகரசபைக்கு வெள்ளைச் சீட்டு. "வெள்ளையில் உன் பேர்ல டிக் போட்டேன் அம்மா" என்றாள். "மஞ்சள் கேக்காத. உனக்குப் போட்டேன். உன் கட்சிக்கு இல்ல." இவ்வளவும் தமிழில் சொன்னாள். ஒரு பெரிய விஷயத்தை அவள் முழுதாகத் தமிழில் சொன்னது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை.

எங்கள் நகரத்தில் எங்கள் கட்சி தோற்றது. எங்கள் தெருவின் வாக்குச்சாவடியில் அந்தப் புதிய கட்சிதான் முதலில் வந்தது. என் பெயருக்கு நேரே விழுந்த ஓட்டுகளால் எனக்கு நகரசபையில் மாற்று உறுப்பினர் இடம் கிடைத்தது. யாராவது வராத நாளில் நான் போய் உட்கார வேண்டும். அப்பாவுக்குச் சொன்னேன். வாழ்த்து சொல்லவில்லை. "வீட்டுக்கு இருட்டறதுக்கு முன்னாடி வந்துடு" என்றார்.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். பஸ்ஸில் எல்லோரும் எப்போதும்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யார் யார் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று நானும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இருப்பவர்களில் காரின் என்று ஒரு மூதாட்டி. தொண்ணூறைத் தாண்டியவர். துணி ஆலையில் வேலை செய்தவர். நேற்று நடந்தது மறந்துவிடும், சின்ன வயதில், உலக யுத்தக் காலத்தில், பார்த்தது மட்டும் தெளிவாக இருக்கும். முகம் துடைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"தேர்தல் இருந்ததே. யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

அந்தப் புதிய கட்சியின் பெயரைக் கேட்டதும் சீப்போடு இருந்த என் கையை அவர் பிடித்துக்கொண்டார். என் முகத்தை, என் நிறத்தை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படியென்றால் போய்க் கதவைச் சாத்து, பெண்ணே" என்றார்.

சாத்தினேன். அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியோடு போனார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. மறுபடி அடித்தது. காரின் என் கையை விடவில்லை. நான் மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.